வடக்கு நாற்பது ஏக்கர்

நவம்பர் 6, 1878

காலையில் உறைபனி. மக்காச்சோளக் கதிர் உரிப்பு பாதிகூட முடியவில்லை. வலது கட்டைவிரல் வெடித்துவிட்டது. பன்றிக் கொழுப்பைத் தடவித் துணி சுற்றியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குற்றம் விரலுடையது.

இந்த நோட்டில் இதுவரை மழையையும் பன்றிக் குட்டிகளையும் தவிர எதையும் எழுதியதில்லை. இன்று எழுத ஒரு விஷயம் கிடைத்தது. மத்தியானம் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார், பெயர் விக்ஸ். எங்கள் மாவட்டத்தின் வரலாற்றைப் பெரிய புத்தகமாக அச்சிடப் போகிறார்களாம். வரைபடம், பண்ணைகளின் படங்கள், பழைய குடியானவர்களின் வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் அதில் வருமாம். சந்தா கட்டுகிறவர்களின் குறிப்பு மட்டும்தான் வரும் என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார்.

"மிஸ்டர் பிரெண்டிஸ், அயோவாவுல இந்தப் பக்கத்துக்கு முதல்ல வந்த இருபது பேர்ல நீங்க ஒருத்தர். உங்க பேரன் பேத்தியெல்லாம் உங்களப் பத்திப் படிக்க வேண்டாமா?" என்றார்.

எனக்குப் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை. மகன் லைமனுக்கு இருபத்திரண்டு வயது, ஹார்லோ டவுனில் தானியக் கடைக் குமாஸ்தா. மகள் தர்சாவுக்கு இருபத்தொன்பது. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டோடு இருக்கிறாள். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மனைவி கெசையா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "சமையக்கட்டுக் கூரை ஒழுகுதுன்னு ரெண்டு வருஷமா சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் 9

விக்ஸ் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பினேன். பிறந்த இடம் வெர்மான்ட். இங்கே வந்தது 1851. சபை மெதடிஸ்ட். ராணுவ சேவை மூன்று வருடம், இடது காலில் குண்டுக் காயம். இதெல்லாம் சுலபம். "எத்தனை ஏக்கர் பண்படுத்தினீர்கள்?" என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: "நூற்று இருபது ஏக்கர் காட்டுப் புல்வெளியைத் தம் கையாலேயே உடைத்து விளைநிலம் ஆக்கினார்." படிக்க நன்றாக இருந்தது. கெசையாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நூத்தி இருபதா?" என்றாள், மாவு பிசைவதை நிறுத்தாமல்.

"எண்ணிப் பாரு. வீட்டச் சுத்தி எண்பது. வடக்க நாப்பது."

"வடக்கு நாப்பத உடைச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

எங்கே இருந்தேன் என்று அவளுக்குத் தெரியாதா? தெற்கே, சேற்றில், உள்நாட்டு யுத்தத்தில் இருந்தேன். 1863-இலும் 64-இலும் இவள் முறைக்காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். பதினாலு வயது தர்சா யாரிடமோ மாடு இரவல் வாங்கி அந்த நாற்பதையும் உடைத்துவிட்டாள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நிலம் என்னுடையது. கலப்பை என்னுடையது. என் வீட்டார் என் நிலத்தில் செய்த வேலை என் வேலைதான். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதைச் சொன்னால் இவள் மாவை ஓங்கி ஓங்கி அடிக்கிறாள்.

நவம்பர் 14

படம் வரைகிறவர் வந்தார். பாதிப் பக்கம் போதும் என்றிருந்தேன், முழுப் பக்கம் எடுத்துக்கொள்ள வைத்துவிட்டார். சாமர்த்தியசாலி. கொட்டகைக் கூரையில் ஏறி உட்கார்ந்து வரைந்தார். பன்றிப் பட்டியை விட்டுவிடட்டுமா என்று கேட்டார், விடச் சொன்னேன். வீட்டுக்கு முன்னால் வெள்ளை வேலி போடட்டுமா என்றார். இல்லாத வேலிதான். ஆனால் எப்படியும் ஒருநாள் போடத்தானே போகிறேன்?

தர்சா வடக்கு வயலில் கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். என் பழைய ராணுவக் கோட்டும் தொப்பியும்தான் குளிர்காலத்தில் அவள் உடுப்பு. வரைகிறவர் அவளைத் தூரத்திலிருந்து பார்த்து, ஒரு ஆம்பிளை ஏர் ஓட்டுவது போலப் போட்டுவிட்டார். கதிர் உரிப்பதைவிட ஏர் ஓட்டுவது படத்துக்கு எடுப்பாக இருக்குமாம்.

"வயல்ல இருக்கறது யாருங்க? பேரு கீழ போடணும்," என்றார்.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். கோட்டும் தொப்பியுமாக ஆண் உருவத்தை வரைந்தாகிவிட்டது. அதன் கீழே பெண் பெயரைப் போட்டால் பார்க்கிறவன் சிரிப்பான். நிலம் பிற்காலத்தில் யாருக்குப் போகும் என்றும் ஊருக்குத் தெரியட்டுமே. "என் பையன் லைமன்," என்றேன்.

சாயங்காலம் தர்சா வந்து கையைக் கழுவிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "லைமன் நல்லா உழறானே," என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்தது.

நவம்பர் 30

கதிர் உரிப்பு முடிந்தது. நான் பதினோரு ஏக்கர், தர்சா மற்றதெல்லாம். என் காலில் ஈரக் குளிர் ஏறிவிட்டது.

டிசம்பர் 12

ஆறு பன்றி அறுத்தோம். பக்கத்துப் பண்ணை ஹல்வோர் உதவிக்கு வந்தார். நார்வேக்காரர், இருபத்தைந்து வருடப் பழக்கம், பேச்சு மட்டும் ரொம்பக் கம்மி. வேலை நடுவே அவரிடம் புத்தகத்தைப் பற்றி விரிவாகச் சொன்னேன். நூற்று இருபது ஏக்கரைப் பற்றியும் சொன்னேன். "ம்," என்றார். அவரிடம் எதைச் சொன்னாலும் "ம்"தான். சுவரோடு பேசலாம்.

ஜனவரி 4, 1879

இன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாரும் நான் முன்கோபி என்று சொல்லிவிடக் கூடாது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தர்சா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். வடக்கு நாப்பது ஏக்கர என் பேருக்கு எழுதிக் குடுங்க."

"எதுக்கு?" என்றேன்.

"நான் உடைச்ச நிலம். பதினஞ்சு வருஷமா நான்தான் உழறேன். வேற எதுவும் வேண்டாம். வீடு, எண்பது ஏக்கர், மாடு கன்னு எல்லாம் லைமனுக்கே குடுங்க."

"நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா? நிலம் எவன் பேருக்குப் போகும்?"

"எனக்கு முப்பது வயசு ஆகப் போகுது அப்பா."

"ஆகட்டுமே. பொம்பள பேர்ல நிலம் எழுதிட்டு டவுன்ல நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "டகோட்டாவுல சர்க்கார் நிலம் குடுக்கறாங்க. இருபத்தொரு வயசு ஆன, கல்யாணமாகாத பொண்ணும் மனுப் போடலாம். ஹல்வோர் தங்கச்சி குடும்பம் மார்ச்ல கிளம்பறாங்க. அதுக்கு முன்னால உங்க முடிவச் சொன்னாப் போதும்," என்றாள்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? தனியாக ஒரு பெண் டகோட்டாவில், மரம்கூட இல்லாத வெட்டவெளியில்! கெசையாவைப் பார்த்தேன், அவளாவது சிரிப்பாள் என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு கொட்டகைக்குப் போனேன். முன்கோபம் என்றால் அவ்வளவுதான்.

ஜனவரி 5

ஞாயிறு. பிரசங்கம் நீளம். வண்டியில் போகும்போதும் வரும்போதும் யாரும் பேசவில்லை.

ஜனவரி 23

கடும் குளிர். கிணற்று வாளி உறைந்து ஒட்டிக்கொண்டது. தர்சா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. பால் கறக்கிறாள், தீவனம் போடுகிறாள், சாயங்காலம் தையல் எடுத்துக்கொள்கிறாள். கனமான துணியில் ஏதோ பெரிதாகத் தைக்கிறாள். என்ன என்று கேட்டால், "கூடாரம்" என்கிறாள். என்னைச் சீண்டத்தான் இதெல்லாம். வசந்தம் வந்தால் சரியாகிவிடும்.

லைமனுக்கு எழுதினேன், ஏப்ரல் உழவுக்கு வந்து வேலை பழகு என்று. தெரிந்தவரையில் அவனுக்கு இப்போது மீசை மட்டும்தான் வளர்ந்திருக்கிறது.

பிப்ரவரி 11

அச்சுப்படி வந்தது! திருத்தம் இருந்தால் செய்து உடனே அனுப்ப வேண்டுமாம். என் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் நிறைந்ததை ஒப்புக்கொள்கிறேன். நான் மூன்று முறை படித்தேன்.

"நூற்று இருபது ஏக்கர் காட்டுப் புல்வெளியைத் தம் கையாலேயே உடைத்து" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் நின்றது. 1865 ஜூலையில் நான் திரும்பி வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஊன்றுகோலோடு வண்டியிலிருந்து இறங்கினேன். வடக்கே நான் விட்டுப் போகும்போது வெறும் புல்லாக இருந்த இடத்தில் கோதுமை இடுப்பளவு நின்றது. முதலில் "எங்கள் கோதுமை" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வருடம் "என் கோதுமை" என்றேன். அதற்கடுத்து "நான் உடைத்த நிலம்" என்று வந்துவிட்டது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன்.

பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: "இதில் வடக்கு நாற்பது ஏக்கரை உடைத்தவள் இவர் மகள் தர்சா."

பிறகு மாவு மில்லில் கூடுகிறவர்களில் யார் யார் இதைப் படிப்பார்கள் என்று நினைத்தேன். யுத்தத்திலிருந்து வந்தவன் மகள் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்பார்கள். அதற்குள் மைக்கூட்டில் கை பட்டு மை கொட்டிவிட்டது, சரியாக அந்த ஓரத்தின் மேல். ஒன்றும் படிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பழையபடியே அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 12

மேஜை விரிப்பில் மை போகவில்லை. "மைக்கூடு இந்தக் கோடியில இருந்துச்சே, அது எப்படி அங்க போய்க் கொட்டும்?" என்கிறாள் கெசையா. எனக்குப் பன்றிகளைப் பார்க்க வேண்டிய வேலை இருந்தது.

மார்ச் 2

ஞாயிறு. சாப்பாட்டு மேஜையில் தர்சா கேட்டாள்: "என்ன முடிவு பண்ணீங்க அப்பா?"

"இப்ப என்ன அவசரம்? நான் செத்தப்புறம் லைமன் உன்னப் பட்டினி போட மாட்டான். அடுப்புக்குப் பக்கத்துல உனக்கு எப்பவும் ஒரு நாற்காலி இருக்கும்," என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன்.

"சரி. பதினேழாம் தேதி கிளம்பறேன்," என்றாள்.

கெசையா எழுந்து போய் அடுப்பில் எரியாத விறகைக் கிளறிக்கொண்டிருந்தாள். முதுகு குலுங்கியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் தன் நிலத்தைத் தன் மகனுக்கு வைக்கக் கூடாதா? இதில் என்ன தப்பு என்று யாராவது எனக்கு எடுத்துச் சொல்லட்டும். ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டு என்னைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

மார்ச் 17

தர்சா போனாள். ஹல்வோர் தன் வண்டியில் அவளையும் தன் தங்கை குடும்பத்தையும் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டார். ஒரு பெண் பன்றி ஈனும் நிலையில் இருந்தது, அதனால் நான் போகவில்லை. கிளம்புமுன் தர்சா கொட்டகைக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "கால ஈரத்துல வைக்காதீங்க," என்றாள். நான், "சரி சரி, ரயில் போயிடும்," என்றேன்.

பன்றி இன்று ஈனவில்லை.

மார்ச் 21

ஈன்றது. ஒன்பது குட்டி. ஒன்று செத்தது.

ஏப்ரல் 9

லைமன் முந்தாநாள் வந்தான். புதுக் கையுறையோடு வந்தான். நேற்று அரை நாள் உழுதான். உழவுச் சால் பாம்பு போல ஓடுகிறது. இன்று உள்ளங்கை இரண்டும் கொப்புளம். "அப்பா, கடைல என்ன விட்டா ஆளே இல்ல," என்று சொல்லிவிட்டு மத்தியான வண்டியில் போய்விட்டான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். நான் அவனுக்கு ஒருநாளும் உழக் கற்றுக்கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லையே.

ஏப்ரல் 11

வடக்கு வயலை நானே உழ இறங்கினேன். காலை பத்து மணிக்குள் கிழக்கு ஓரத்தில் இரண்டு குதிரையும் வயிறு வரை சேற்றில் இறங்கிவிட்டன. மேலே பார்த்தால் காய்ந்த மண், அடியில் ஊற்று. ஹல்வோர் தன் வேலையை விட்டு ஓடி வந்து பலகை போட்டு இழுத்துவிட்டார்.

"தர்சா அந்த இடத்த மே மாசம் வரைக்கும் தொட மாட்டா," என்றார். இத்தனை வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்.

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

எனக்குத் தெரியாது. இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன், எழுதிவிடுகிறேன். இந்த வயலில் நான் ஏர் பிடித்தது இன்றுதான் முதல் தடவை. கால் வலி என்று முதல் வருடம் அவள் உழுதாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இங்கே எங்கே கல் இருக்கிறது, எங்கே ஊற்று இருக்கிறது, எந்த மூலையில் திருப்பினால் குதிரைக்குச் சிரமமில்லை, ஒன்றுமே எனக்குத் தெரியாது. வரப்பில் உட்கார்ந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டே வெட்கப்பட்டேன். நன்றாக வெட்கப்பட்டேன்.

ஏப்ரல் 24

மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பத்திரம் எழுதினேன். வடக்கு நாற்பது ஏக்கர், தர்சா பிரெண்டிஸ் பெயருக்கு, நிபந்தனை எதுவும் இல்லாமல். மனைவியின் கையெழுத்தும் வேண்டுமாம். கெசையாவை இருபது மைல் வண்டியில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குமாஸ்தா, "உங்க புருஷன் கட்டாயப்படுத்திக் கையெழுத்துப் போடறீங்களா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நான்தான் அவரக் கட்டாயப்படுத்தணும்னு நெனச்சேன். அவரே கிளம்பிட்டார்," என்றாள். குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன், ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை.

பத்திரத்தை டகோட்டாவுக்குத் தபாலில் அனுப்பினோம். திரும்பி வரும் வழியெல்லாம் கெசையா பேசிக்கொண்டே வந்தாள். தர்சா ஜூன் மாதத்துக்குள் வந்துவிடுவாள் என்று இரண்டு பேரும் நினைக்கிறோம்.

மே 3

மக்காச்சோளம் விதைக்கிறேன். வடக்கு வயலில் பாதிதான் உழ முடிந்தது. தபால் இல்லை.

மே 20

புத்தகம் வந்தது. தூக்க இரண்டு கை வேண்டும். தோல் அட்டை, தங்க எழுத்து. எங்கள் பண்ணைப் படத்தில் வெள்ளை வேலி மினுமினுக்கிறது. லைமன் இரண்டு குதிரை பூட்டி வடக்கு வயலை நேர்நேராக உழுகிறான். மூன்று முறை படித்தும் குறிப்பின் கடைசி வரியை நான் அச்சுப்படியில் கவனிக்கவில்லை: "இவருடைய ஒரே மகள் தர்சா மணமாகாதவர், பெற்றோருடன் வசித்துவருகிறார்."

கெசையா அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். முன்னறை மேஜையில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "எங்க வேணா வைங்க. என் கண்ணுல படாம வைங்க," என்றாள்.

ஜூன் 1

தபால் இல்லை. சமையலறைக் கூரைக்குப் பலகை அடித்தேன்.

ஜூன் 14

இன்று தபால் வந்தது. தடித்த உறை. நான்தான் பிரித்தேன். பத்திரம் மடித்தபடியே உள்ளே இருந்தது. கடிதத்தை இங்கே எடுத்து எழுதுகிறேன். கெசையா அதைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொள்ளக் கேட்கிறாள்.

"அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு. நான் நலம். நூற்று அறுபது ஏக்கருக்கு மனுப் போட்டு என் பெயரில் பதிவாகிவிட்டது. கூடாரத்தில்தான் இருக்கிறேன். இதுவரை ஐந்து ஏக்கர் உடைத்திருக்கிறேன். இங்கே புல் வேர் அங்கே இருந்ததைவிடக் கடினம். ஒவ்வொரு சுற்றுக்கும் கொழுவை அரத்தால் தீட்ட வேண்டியிருக்கிறது.

"பத்திரம் வந்தது. அப்பா எழுதிக் கொடுப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்யவில்லை. ஆனால் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை, தப்பாக நினைக்க வேண்டாம். ஐந்து வருடம் இங்கே குடியிருந்தால்தான் இந்த நிலம் எனக்கு. அங்கே வந்து உழ முடியாது. நான் உழாத நிலம் என் பெயரில் எதற்கு?

"அப்பா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்திரத்தில் காரணம் என்று 'அன்பினால்' என்று எழுதியிருக்கிறது. அது போதும்தான். ஆனால் உண்மையான காரணத்தை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எழுதுங்கள். மகள், தர்சா."

பத்திரத்தை எடுத்து வைத்தேன். "நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கெசையா கேட்டாள். பதிவு அலுவலகத்தில் சொன்னேனே என்றேன். "அங்க நீங்க நிலத்தோட எல்லையத்தான் சொன்னீங்க," என்றாள்.

ஜூன் 16

இன்று சாலை வேலை. எங்கள் ஊரில் ஒவ்வொரு ஆணும் வருடத்துக்கு இரண்டு நாள் சாலைக்கு மண் போட வேண்டும். இந்த வருடம் எங்கள் வடக்கு வயலை ஒட்டிய சாலை. பதினோரு பேர் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கத்தில் இருபது வருடம் பழகியவர்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலியோரம் உட்கார்ந்தோம். பேச்சு புத்தகத்துக்கு வந்தது. கொல்லுப்பட்டறை நோவா கார்த், "உன் படம்தான் பெரிய படம், ஏசா," என்றான். வயலைக் கையால் காட்டி, "இதுதான அந்த நாப்பது?" என்றான்.

இரண்டு நாளாக இதற்காகத்தான் வாயில் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். "இத நான் உடைக்கல. தர்சா உடைச்சா. புத்தகத்துல போட்டது பொய். படத்துல உழறதும் அவதான்," என்றேன்.

எல்லோரும் திகைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திகைக்கவில்லை. நோவா ரொட்டியை மென்றுகொண்டே, "அறுபத்துமூணுல அவளுக்குக் கொழு அடிச்சுக் குடுத்ததே எங்க அப்பாதான்," என்றான். இன்னொருவன், அவள் உழும்போது பாம்பு கடித்த மாட்டுக்குத் தான்தான் வைத்தியம் பார்த்ததாகச் சொன்னான். ஹல்வோர், "மாடு மூணு ஜோடி என்னுது," என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் ஒருவன்தான் அப்போது ஊரில் இல்லாதவன்.

எனக்கு முகம் கொதித்தது. "தெரிஞ்சும் ஏன்யா பதினாலு வருஷமா வாய மூடிட்டு இருந்தீங்க? என் முகத்துக்கு நேரா ஒருத்தராவது சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

ஹல்வோர்தான் குனிந்து தன் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ திரும்பி வந்த வாரமே தர்சா வீடு வீடா வந்தா. 'அப்பா காலு போய் வந்திருக்கார். அவரால இனிமே புது நிலம் உடைக்க முடியாது. இதத் தன்னோடதுன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். யாரும் மறுத்துப் பேசிடாதீங்க'ன்னா. எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனா."

அவளுக்கு அப்போது பதினாறு வயது.

மிச்ச வேலையை எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கெசையாவிடம் சொன்னேன். அவளுக்கும் இது தெரியாது. அவளிடம்கூட தர்சா சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

தர்சாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. "அன்புள்ள தர்சா, எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் எனக்குச் சொன்னதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாளையும் சாலை வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வந்து எழுத வேண்டும்.